லைனில் இருப்பவள்

விருத்தாசலம்
6.7.2008

அன்புள்ள மாமாவுக்கு,

விழி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும்தான். ஆனால் நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

எல்லாம் நம் வீட்டு நெட்டைப் பற்றித்தான். மின்னலொளி நெட் என்று பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மின்னல் மாதிரியே வருகிறது, அதே வேகத்தில் போயும் விடுகிறது. இணைப்பு வாங்கிய புதிதில் ராஜ மரியாதை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தது, நீங்கள் மஸ்கட் பக்கத்தில் இருக்கிறீர்களா அடுத்த தெருவில் இருக்கிறீர்களா என்றே தெரியாத அளவுக்குப் படம் பளிச்சென்று தெரிந்தது. இப்போது கேமராவைப் போட்டு உட்கார்ந்தால் உங்கள் முகம் திறந்த வாயோடு நின்றுவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை "நான் உன்ன" என்று சொல்லிவிட்டு நின்றீர்கள். அதற்கு மேல் என்ன சொன்னீர்கள் என்று வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

சென்னை நம்பருக்கு போன் போட்டால் ஒரு பெண் தேனொழுகப் பேசுகிறாள். "உங்க கம்ப்ளெயிண்ட் ரெஜிஸ்டர் ஆயிடுச்சு மேடம்." மறுநாள் செல்லுக்கு மெசேஜ் வருகிறது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. யார் தீர்த்தார்கள், எப்போது தீர்த்தார்கள்? பீங்கான் கம்பெனியில் நாள் முழுக்க டீக் கோப்பைக்குக் காது ஒட்டுகிறேன். ஊரிலுள்ள கோப்பைக்கெல்லாம் காது வைக்கிற எனக்கு இவர்களுக்கு ஒரு காது வைக்க முடியவில்லை.

நேற்று, நம் தெருவுக்கு வயர் இழுத்த பக்கிரி அண்ணன் வந்தார். பெட்டியைத் தட்டினார், ஊதினார். "மோடம் போயிடுச்சும்மா. கடலூர் ஆபீஸ்ல குடுத்துத்தான் ரெடி பண்ணணும்" என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது கம்ப்யூட்டர் வெறும் பொட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனில் ஹலோ ஹலோ என்பதிலேயே உங்கள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அத்தை வேறு பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் கடிதம். கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் விமானம் ஏறிய ஆள் நீங்கள். டிசம்பரில் காண்ட்ராக்ட் முடிகிறது, முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். மறக்க வேண்டாம். நான் கேட்பது அது ஒன்றுதான்.

நெட் இல்லாத வீட்டிலிருந்து,
விழி


சோஹார்
18.7.2008

அன்புள்ள விழி,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு நானும் ராஜமாணிக்கமும் சிரித்தோம். கேம்ப் அறையில் என்னோடு தங்கியிருக்கிறானே, திட்டக்குடிக்காரன், அவன்தான். "அண்ணிக்குக் கோவம் வந்தா கோப்பையெல்லாம் ஒடைஞ்சிடும் போலருக்குதே" என்றான்.

கோபத்தில் எழுதிப் போட்டுவிட்டாய், மறுநாளே பக்கிரி பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார் போலிருக்கிறது. அதைச் சொல்லவே இல்லையே நீ? பத்து நாளாகப் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மைக்தான் சரியில்லையோ, நீ பேசுவது கேட்கவில்லை. பரவாயில்லை. நீ சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதே போதும். சூளைப் பக்கம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். வியாழக்கிழமை அந்த நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாய். நன்றாக இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டார். இல்லை சார், ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமா?

அம்மாவை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல்.

அன்புடன்,
நந்தன்


விருத்தாசலம்
31.7.2008

அன்புள்ள மாமாவுக்கு,

விளையாடுகிறீர்களா?

பக்கிரி அண்ணன் இன்னும் பெட்டியைக் கொண்டுவரவில்லை. கடலூரில் இருக்கிறது, பாண்டிச்சேரிக்குப் போயிருக்கிறது என்று நாளுக்கொரு ஊர் சொல்கிறார். நம் வீட்டு நெட் வயர் ஜன்னல் கம்பியில் சும்மா தொங்குகிறது. அந்த நீலப் புடவை சலவைக்குப் போய் இன்னும் வரவில்லை. நீங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

முதலில் எனக்கு வேறு மாதிரிதான் தோன்றியது. ஆம்பிளை மனசு, அங்கே என்ன கூத்தோ, அதை மறைக்க இப்படி எழுதுகிறாரோ என்று. அப்புறம் பக்கிரி அண்ணனிடம் கேட்டேன். "போஸ்ட்டுல எல்லா வயரும் ஒண்ணாத்தான் சேருது. போன்ல வேற ஆளு பேச்சு கேக்கறதில்லியா, அந்த மாதிரி வேற வூட்டுப் படம் வந்திருக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எனக்குப் பின்னால் தெரிகிற சுவர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அவளுக்குப் பின்னால், என்று எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை.

உங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டு வந்தேன். ஆடு திருடு போனாலும் அண்ணன் தம்பிக்குள் அடிதடி என்றாலும் நம் ஊர்க்காரர்கள் போலீசுக்கு முன்னால் அங்கேதானே ஓடுகிறார்கள். சென்னைப் பெண்ணுக்குக் கேட்காதது சாமிக்காவது கேட்கட்டும் என்று போனேன். சீட்டு எழுதுகிறவர், "எதிராளி பேரு, ஊரு சொல்லும்மா" என்றார். மின்னலொளி நெட் என்றேன். "அது ஆளு பேரு இல்லியே. சாமி எந்த வூட்டுக் கதவப் போயித் தட்டும்? ஒனக்கு என்ன ஆவணும்னு எழுது, அது போதும்" என்றார்.

நானும் எழுதினேன். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் தினமும் என்னைப் பார்க்க வேண்டும் என்று. அங்கே முனியப்பர் சன்னதி வேலில் சீட்டைக் கட்டிவிட்டு, பாரம் இறங்கிய மாதிரி வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

இப்போது அந்த வரியை நினைத்தால் பயமாக இருக்கிறது. உடனே பதில் எழுதுங்கள். மூன்று வெள்ளிக்கிழமையாக நீங்கள் போனும் செய்யவில்லை.

விழி


சோஹார்
15.8.2008

அன்புள்ள விழி,

பயப்படாதே. சுவரைப் பார்த்தேன். நம் வீட்டுச் சுவர்தான். மளிகைக் கடை காலண்டர், அதற்குக் கீழே தண்ணீர் இறங்கிய கறை, மேலே அப்பா போட்டோவில் சந்தனப் பொட்டு. வேறு யார் வீட்டில் என் அப்பா போட்டோ மாட்டியிருப்பார்கள்?

போன் செய்யாததற்குக் கோபப்படாதே. தினமும்தான் பார்க்கிறேனே என்று விட்டுவிட்டேன். இப்போது மைக்கும் சரியாகிவிட்டது. உன் குரலில் ஒரு நிதானம் வந்திருக்கிறது, விழி. முன்பெல்லாம் உட்கார்ந்ததும் எப்ப வரீங்க, எப்ப வரீங்க என்று பிடுங்குவாய். இப்போது அதைக் கேட்பதே இல்லை. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். நான் இவ்வளவு பேசுகிற ஆள் என்று எனக்கே தெரியாது.

ஒன்று மட்டும் விசித்திரம். செவ்வாய்க்கிழமை நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ராஜமாணிக்கம் உள்ளே வந்து, "என்னண்ணே, கேம்ப் பூரா நெட்டு இல்ல, நீங்க மட்டும் என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டான். கம்ப்யூட்டரைப் பார்த்தேன், நீ இருந்தாய். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். சாமி கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். கொடுத்ததை ஏன் என்று கேட்கலாமா?

மேனேஜர் மறுபடி கூப்பிட்டு, காண்ட்ராக்டை நீட்டிக்கிற பேப்பரைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருஷம்தான். மாடி எடுத்துவிடலாம். நேற்று உன்னிடம் கேட்டேன், நீயும் சரி என்றுதான் சொன்னாய்.

அன்புடன்,
நந்தன்


விருத்தாசலம்
28.8.2008

மாமா,

நான் சரி சொல்லவில்லை. கேட்கிறதா? நான் சொல்லவில்லை. மாடியும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். நான் கட்டிக்கொண்டது மாடியை இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டு மூடி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வந்தேன். அத்தை சொல்கிறார்: "பூட்டுன ரூமுக்குள்ள எப்படிப் போனே? சாயங்காலம் ஜன்னல் வழியா பாத்தேன், உள்ள உக்காந்து அவங்கூடப் பேசிச் சிரிச்சிக்கிட்டு இருந்தியே. நான் கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்லியே." பூட்டைப் பார்த்தேன், அப்படியே இருந்தது. போர்வை மட்டும் மடித்துக் கட்டில் மேல் வைத்திருந்தது. நான் போர்வையை அப்படி மடிக்க மாட்டேன். அத்தையும் மடிக்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போய் உங்கள் கேம்ப் நம்பருக்குப் போட்டேன். ராஜமாணிக்கம் எடுத்தார். அவரைக் கூப்பிடுங்கள் தம்பி, நான் விழி பேசுகிறேன் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, அவரு உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்காரு" என்றார். போனை வைத்துவிட்டு பூத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் மாமா. பூத்துக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

சென்னைப் பெண்ணையும் விடவில்லை. பெட்டி உங்கள் ஆபீசில் கிடக்கிறது, எனக்கு ஏன் பில் வருகிறது என்று சண்டைக்குப் போனேன். அவள் அதே தேன் குரலில் சொல்கிறாள்: "உங்க லைன் டெய்லி ஈவினிங் ஓடிக்கிட்டுதான் இருக்குது மேடம். உங்க ஏரியாவிலேயே பெஸ்ட் சிக்னல் உங்க வீட்டுக்குத்தான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். அவள் எப்ப வரீங்க என்று கேட்க மாட்டாள். ஏன் கேட்கப் போகிறாள்? நீங்கள் வந்துவிட்டால் அவளுக்கு இடம் ஏது? கேட்கிறவள்தான் உங்கள் பெண்டாட்டி. பிடுங்குகிறவள்தான்.

வேல்விழி


சோஹார்
12.9.2008

விழிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிசம்பரில் வர முடியாது.

கோபப்படாமல் படி. கடிதத்தில் ஒருத்தி வேண்டாம் என்கிறாள். சாயங்காலம் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, உங்கள் இஷ்டம் மாமா என்கிறாள். எதை நம்பச் சொல்கிறாய்? ஒன்றரை மாதம் நாம் சேர்ந்து இருந்ததில் பாதி நாள் விருந்து, மீதி நாள் விசா அலைச்சல். உன் முகம் எனக்குப் பழகியதே இந்தத் திரையில்தான். யோசித்துப் பார், நான் உன்னைவிட அவளோடு அதிகம் பேசியிருக்கிறேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. "பாவம்" என்றாள். அப்புறம், "யாரோ என் பேர்ல எழுதறாங்க மாமா, இனிமே பிரிக்காதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கே குழப்பமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுகிறேன்? விருத்தாசலத்தில் அந்த வீட்டில் இருப்பது யார்?

ராஜமாணிக்கம் வேறு அறைக்கு மாறிப் போய்விட்டான்.

நந்தகுமார்


விருத்தாசலம்
26.9.2008

மாமா,

பிரிப்பீர்களோ மாட்டீர்களோ, எழுதுகிறேன்.

இன்று மணவாளநல்லூர் போனேன். பிராது கட்டினால், கேட்டது நடந்ததும் போய் ராஜினாமா செய்ய வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். என் குறை தீர்ந்தது, வழக்கை முடித்துக்கொள்கிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட வேண்டும். எழுதுகிறவர், "கேட்டது கெடச்சிதாம்மா?" என்றார். கிடைத்தது என்றேன். "அப்ப ஏம்மா அழுவுற?" என்றார்.

ராஜினாமா எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறு இருக்கும். அறைக்குள் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். யாரும் இல்லை. நாற்காலியில் கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. அதில் நான் உட்கார்ந்து நாளாகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் திரை இருட்டாக இருந்திருக்கும். இருக்கட்டும். கொஞ்ச நாள் இருட்டைப் பாருங்கள். அப்போதாவது எனக்குப் போன் செய்யத் தோன்றும். ஒரே ஒரு தடவை "விழி, எப்படி இருக்கே" என்று கேளுங்கள். கேட்டால் போதும், இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். சத்தியமாக இருப்பேன்.

போன் பக்கத்திலேயே,
உங்கள் விழி


சோஹார்
10.10.2008

விழி,

என்ன காரியம் செய்தாய்?

திரை இருட்டாகக் கிடக்கிறது. வேலைக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ஆனால் அந்தக் கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிகிறது. அதைப் பார்க்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் பிரித்தேன். அவள் பேச்சை மீறித்தான் பிரித்தேன். உன் காலில் விழுகிறேன். மறுபடி மணவாளநல்லூர் போ. மறுபடி பிராது கட்டு. முன்னே எழுதிய அதே வரியை எழுது, ஒரு எழுத்து மாறாமல். உனக்கு என்ன வேண்டுமோ கேள், அனுப்புகிறேன். அவளை மட்டும் திருப்பி அனுப்பு.

நந்தன்


விருத்தாசலம்
1.11.2008

திரு. நந்தகுமார் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்று எங்கேயாவது ஓரத்தில் கேட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

நீங்கள் சொன்னபடி மணவாளநல்லூர் போனேன். நீங்கள் சொன்ன வரியை எழுதவில்லை. என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர வேண்டும் என்று எழுதினேன். எழுதுகிறவருக்கு என்னை இப்போது நன்றாகத் தெரியும். "பொத்தாம்பொதுவா எழுதாதம்மா. பேரு, இருக்கற ஊரு, அப்பா பேரு எல்லாம் போடு. இல்லன்னா சாமி யாரன்னு கூட்டியாரும்?" என்றார். நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். பெயர் போடவில்லை. அப்படியே கட்டிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் பெட்டி இல்லை. "விழி, எப்படி இருக்கே" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே வாங்க என்றேன்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். அப்புறம் அடுப்பங்கரைக்கு வந்து என்னிடம், "கை சில்லுன்னு இருக்குதுடி" என்றார். நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். அத்தையே சொன்னார்: "இருந்தா இருந்துட்டுப் போவுது. புள்ள வூடு வந்து சேந்துட்டான் இல்ல."

நல்ல மாதிரியாக இருக்கிறார். போட்டதைச் சாப்பிடுகிறார். சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வரும்போது தெரு முனையில் வந்து நிற்கிறார். எப்ப திரும்பிப் போவீங்க என்று பயந்துகொண்டே கேட்டேன். "எங்க போறது?" என்றார்.

நெட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கிரி அண்ணன் வந்து வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். போகும்போது அவரைப் பார்த்து, "எப்பண்ணே வந்தீங்க?" என்று கேட்டார். அவர் சிரித்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட உறவு என்று ஒன்று வேண்டுமல்லவா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி இந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம். முன்பின் தெரியாத ஆளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தால் என் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்.

இப்படிக்கு,
வேல்விழி நந்தகுமார்